பக்கத்து சீட்

வண்டியைக் கிளப்புவதற்கு முன் கஜேந்திரன் சட்டை நுனியால் கண்ணாடியை ஒரு துடை துடைப்பார். ஆட்டோவின் கூரைக்குக் கீழே, அவருடைய நெற்றிக்கு நேராகத் தொங்கும் சின்னக் கண்ணாடி அது. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் அதில் சரியாக விழ வேண்டும். விழுந்த பிறகுதான் கேள்வி கிளம்பும்.

"டீச்சர், சீகிரியா ஏறுறதுக்குக் காலைல நல்லதுங்களா, அந்திக்கு நல்லதுங்களா?"

காலையில் என்றால் வெயிலைப் பற்றிக் கேட்பார். அந்திக்கு என்றால் குளவியைப் பற்றிக் கேட்பார். "குளவி நமக்குத் தெரியாததா? கொழுந்து எடுக்கிற பொம்பளைங்கள எத்தனை வாட்டி ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். கொட்ட வந்தா எறங்கி ஓட எடம் இருக்காங்கறதுதான் கேள்வி." பாடசாலை வாசல் வரும்வரை அந்தக் குளவியும் எங்களோடு வரும்.

கஜேந்திரன் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பொகவந்தலாவை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறார். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். காதை மூடும் கம்பளித் தொப்பியை நல்ல வெயிலிலும் கழற்ற மாட்டார். வாயை மூடினால் இன்ஜினும் நின்றுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். காலையில் நான் அவருடைய வண்டியில்தான் பாடசாலைக்குப் போகிறேன். ஆகவே அவருடைய பயணத்தின் பாதி சுமையை நானும் சுமந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயணம் என்பது நாலு நாள் பயணம். மனைவி பிரியந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவர் லீவில் வரும்போது இருவருமாகக் காரில் கண்டி போய், மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, நாலந்தாவில் அந்தப் பழைய கற்கோயிலைப் பார்த்து, தம்புள்ளை, சீகிரியா, பொலன்னறுவை, அநுராதபுரம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வழியெல்லாம் வயல் இருக்கும், குளம் இருக்கும், மின்னேரியாப் பக்கம் யானைகூட நிற்கும். மலையில் பிறந்தவர்களுக்குச் சமதரை என்பதே ஒரு காட்சிதான். "வளைவே இல்லாத ரோடாம் டீச்சர். ஸ்டியரிங்க சும்மா புடிச்சிக்கிட்டு இருந்தா போதுமாம்" என்று சொல்லும்போது அவர் குரலில் கோயிலைப் பற்றிப் பேசுகிற பணிவு இருக்கும்.

இத்தனைக்கும் அவர் மாத்தளைக்கு அப்பால் போனதே இல்லை. திட்டம் முழுவதும் ஏறி இறங்கும் ஆட்களிடம் கேட்டுச் சேர்த்தது. எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது, எல்லாம் வாயில்தான். தம்புள்ளையில் எந்தக் கடையில் சோறு சூடாகக் கிடைக்கும் என்று வீடு கட்டும் ஒரு மேசன் பாஸ் சொன்னார். பெண்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று தோட்டத்து மருத்துவிச்சி சொன்னார். தூரத்தை அவர் கிலோமீற்றரில் அளப்பதில்லை. ஹட்டனுக்கு எத்தனை ஹயர், அதாவது எத்தனை சவாரி, என்றுதான் அளப்பார். "தம்புள்ளையா? ஹட்டனுக்கு நாலு ஹயர் போயிட்டு வந்த தூரம். அவ்வளவுதான்."

கேட்டதில் எல்லாமே சரியும் அல்ல. சீகிரியாவில் வயசானவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது என்று ஆட்டோ ஸ்டாண்டுச் சிநேகிதன் ஜூட்சன் வேண்டுமென்றே கதை விட்டிருந்தான். அப்படி ஒன்றும் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். "நீங்க போனது எந்தக் காலத்துல டீச்சர்?" என்று என் வயதை ஞாபகப்படுத்தினார். பிறகு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை ஏற்றியபோது கையால் மேலே கீழே காட்டி அவர்களிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மறுநாள் என்னைக் கண்ணாடியில் பார்க்காமலே வண்டியை எடுத்தார்.

ஆட்டோவிலேயே போகலாமே என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து மனைவியோடு போன பயணமெல்லாம் இந்த ஆட்டோவில்தான். அவர் முன்னால் இருப்பார், மனைவி பின்னால் இருப்பார். பிள்ளை தனுஷிகா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்படித்தான்.

"அவ மொகத்த நான் இந்தக் கண்ணாடியிலதான் டீச்சர் பாத்திருக்கேன். ஏதாச்சும் பேசுவா, காத்துல கேக்காது. நானும் கேட்ட மாதிரி தலைய ஆட்டுவேன். ஒரே ஒரு வாட்டி, பக்கத்துல ஒக்கார வச்சு ஓட்டணும்."

அதற்காகக் கார் லைசன்ஸ் எடுத்தார். ஜூட்சனிடம் ஒரு பழைய ஆல்டோ கார் இருக்கிறது. லிஃப்ட் கதை விட்ட பாவத்துக்கு அதைப் பழகக் கொடுத்தான். காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், ஆட்கள் கலைந்து மலைக்குப் போன பிறகு, கஜேந்திரன் அதை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோவில் கிளட்ச் இடது கையில் இருக்கும். காரில் அது காலுக்குப் போய்விட்டது என்பதை அவருடைய கை நம்பவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் இடது கை காற்றைப் பிடித்துப் பிசையும். பக்கத்து சீட்டின் பெல்ட்டையும் இழுத்து மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டிப் பழகினார். பிரியந்திக்கு அதை மாட்டத் தெரியாது, தான்தான் மாட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நினைப்பு. ஹட்டனில் பூப்போட்ட ஒரு சின்ன மெத்தையும் வாங்கிவந்து அந்த சீட்டில் போட்டு வைத்தார். வேறு யாரையும் அதில் உட்கார விடக்கூடாது என்று ஜூட்சனிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

இவ்வளவு பேசுகிறவர் ஒரு விஷயத்தை மட்டும் ஒரே தடவைதான் பேசினார். பெட்ரோல் இல்லாமல் ஆட்டோக்கள் வரிசையில் கிடந்த வருடத்தில்தான் பிரியந்தி போனார். வண்டி ஓடாத வீட்டில் வேறு வழி இருக்கவில்லை. "அவ கேட்டா, போகட்டுமான்னு. நான் ஒண்ணுமே சொல்லல. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பா டீச்சர்." அன்று சீகிரியாப் பேச்சு வரவில்லை. பாடசாலை வரை இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சென்ற மாதம் பிரியந்தி வந்தார். வந்ததும் ராகலையில் அவருடைய அண்ணன் மகளுக்குப் பூப்புச் சடங்கு. மாமா முறையும் அத்தை முறையும் விடுமா? உறவுக்காரர்களோடு வேனில் அடைந்து போய்த் திரும்பியதில் லீவில் ஒரு துண்டு போனது. பிறகு கோயில் நேர்த்திக்கடன் வந்தது. அதன் பிறகு எந்த இடைஞ்சலும் இல்லை. காரைக் கழுவி, அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே ரோட்டில் நிறுத்தியாயிற்று. ஆனாலும் கார் நகரவில்லை.

"தூங்குறா டீச்சர்" என்றார் கஜேந்திரன். மறுநாளும் அதையே சொன்னார். "அங்க சரியான தூக்கம் இல்லையாம். எழுப்ப மனசு வரல." அநுராதபுரம் முதலில் கழன்றது. "அது சும்மா வெயிலுதானே." பிறகு பொலன்னறுவை போனது. சோழர் காலத்துச் சிவன் கோயில் அங்கே இருக்கிறதென்று மாதக்கணக்காக என்னிடம் பெருமை பேசியவர், "சிவன் எங்கதான் இல்லை?" என்று அதையும் விட்டுவிட்டார். சீகிரியாவை விட்டதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க முயன்றார். "லிஃப்டு போட்ட பெறகு பாத்துக்குவோம்."

தனுஷிகா என் மாணவி. அவளுடைய பாடத்தைப் பற்றிப் பேசுகிற சாக்கில் ஒரு பகல் அவர்கள் லயத்துக்குப் போனேன். வீட்டுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில், பிரியந்தி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழும்பப் பார்த்தவரை இருக்கச் சொல்லிவிட்டு, ட்ரிப் போகவில்லையா என்று கேட்டேன்.

"அவருக்கு ரொம்ப ஆசைங்க டீச்சர்" என்றார். எதிரே தேயிலை மலையைப் பார்த்தபடியே பேசினார். "அங்க வெள்ளிக்கெழமையானா மேடம் வீட்டுக்காரங்க எங்கயாச்சும் கெளம்பிருவாங்க. நானும் போகணும். பின் சீட்டுல, நடுவுல எனக்கு எடம். அந்தப் பக்கம் ஒரு புள்ள, இந்தப் பக்கம் ஒரு புள்ள. ஊட்டிவிடணும், வாந்தி எடுத்தா தொடைக்கணும், தூங்கினா தலைய மடியில சாய்ச்சுக்கணும். ஊரெல்லாம் சுத்தியிருக்கேன் டீச்சர், ஒரு எடமும் பாத்ததில்ல. கார்னாலே எனக்கு வேலை ஞாபகந்தான் வருது. இந்தா, இப்புடி ஒக்காந்து இந்த மலையப் பாத்துக்கிட்டு இருக்கறேனே, இதுதான் எனக்கு ட்ரிப்பு."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர்கிட்ட சொல்லிறாதீங்க. மெத்தையெல்லாம் வாங்கி வச்சிருக்காரு, பாவம்."

நான் சொல்லவில்லை. ஒருவர் எழுப்ப மனமில்லாமல் வெளியே நின்றார். மற்றவர் மறுக்க மனமில்லாமல் உள்ளே படுத்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே லீவு தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேருடைய தோளையும் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. ஒரு கேள்வி கேட்டால் முடிகிற விஷயம். ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் கேட்ட மனிதர் அந்த ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற நாள் மட்டும்தான். அதையும் கஜேந்திரன் விடவில்லை. "எல்லாரும் கினிகத்தேனையில எறங்கி அவிசாவளை வழியாப் போவாங்க. நாங்க கண்டி வழியா சுத்திப் போறோம். பிளேன் ராவுலதானே? வாவிக்கரையில நிப்பாட்டி ஒரு டீ குடிச்சிட்டு, தலதா மாளிகைய வெளியில நின்னே பாத்துட்டுப் போகலாம். மிச்சம் அடுத்த லீவுக்கு."

அன்று காலை பஜாரில் வேறு ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். தனுஷிகாவுக்குத் தவணைப் பரீட்சை. தாயை லயத்திலேயே கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு பாடசாலைக்கு நடந்திருந்தாள். ஸ்டாண்டுக்கு முன்னால் ஆல்டோ நின்றது. பிரியந்தி என் கையைப் பிடித்து, "புள்ளையப் பாத்துக்குங்க டீச்சர்" என்றார். ஜூட்சன் பெட்டியைப் பின்னால் வைத்து மூடினான். முன் டயருக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தான்.

கஜேந்திரன் தொப்பியைக் கழற்றியிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். காரைச் சுற்றி இடது பக்கம் வந்து, முன் கதவைத் திறந்து, மெத்தையை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்றார்.

பிரியந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். முன்னால் ஒரு கதவு திறந்திருப்பதையே அவர் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து உள்ளே ஏறி, நகர்ந்து நகர்ந்து நடுவில் போய் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்தார். ஒரு கை தானாக நீண்டு, பக்கத்தில் ஆளில்லாத சீட்டின் மேல் அணைப்பது போலப் படிந்தது.

"அக்கா, முன்னுக்கு..." என்று ஜூட்சன் வாயெடுத்தான். கஜேந்திரன் வேண்டாம் என்று தலையை அசைத்தார். முன் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். பின் கதவையும் சாத்தினார். சுற்றிப் போய்த் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, சாவியில் கை வைத்தார். வண்டியைக் கிளப்பவில்லை. சட்டை நுனியை இழுத்து மேலே இருந்த கண்ணாடியை ஒரு துடை துடைத்தார். பிறகு, பின் சீட்டின் நடுவில் இருந்த முகம் அதில் விழும்வரை, அதை மெல்ல மெல்லத் திருப்பினார்.