முகாமில் மூன்று கழிப்பறைகள்

மலை சரிந்த அன்று நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நாலு நாளாக மழை விடவில்லை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். லொறியிலிருந்து சல்லிக்கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. கொட்டி முடிந்தால் நிற்க வேண்டுமே, நிற்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த மேல் லயத்துக்குப் பின்னால், தேயிலை மலை, செடி கலையாமல் பச்சையாகவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே எங்கள் தோட்டத்தை முழுக்கக் காலி செய்யச் சொன்னார்கள். லுணுகலைக்குப் போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. நானும் அம்மாவும் இரண்டு பை உடுப்போடு அங்கே போய்ச் சேர்ந்தோம். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் லயத்துக்காரர்கள் உடுத்தியிருந்த துணியோடு வந்தார்கள். சிலர் வரவேயில்லை.

வகுப்பறைகள் நாலு, கழிப்பறைகள் மூன்று. அறுபது பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அது போதும். நாங்கள் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தோம்.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பு, பதுளை டவுனில் ஒரு தொண்டு நிறுவனம் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தது. தோட்டத்துக்கு ஒருவர். அனர்த்தம் வந்தால் முகாமில் சுத்தம் பேணுவது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார்கள். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள் என்பதால் எங்கள் தோட்டத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். மத்தியானம் நல்ல சாப்பாடு தந்தார்கள். இதெல்லாம் எங்கே நமக்கு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முகாமின் இரண்டாம் நாள் அந்த நிறுவனத்திலிருந்து ஓட்டோவில் சாமான் வந்தது. நீல நிறத்தில் ஒரு மேற்சட்டை, சவர்க்காரப் பெட்டிகள், குளோரின் தூள், ரப்பர் கையுறை, கை கழுவுகிற விதத்தைக் காட்டும் படங்கள். படங்களைத் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மேலே சுவரில் ஒட்டினேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று சொல்லிக் கொடுத்தேன். தோட்டத்துக் குழாய் மண்ணோடு போய்விட்டதால் பவுசர் லொறி வந்தால்தான் தண்ணீர். வெறுங்கையைத் தேய்த்துத்தான் பிள்ளைகள் பழகின.

மூன்றாம் நாள் கழிப்பறைகள் அடைத்துக்கொண்டன. நாலாம் நாள் காலையில் ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரு கிழவருக்கும் வயிற்றோட்டம். அன்றைக்குச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் மூன்று கதவையும் திறந்து பார்த்தார்.

"மிஸ், இது இப்படியே இருந்தா நாளைக்குள்ள இருபது பேர் படுத்துருவாங்க. நாளைக்குப் பின்னேரம் திரும்பி வருவேன். சுத்தமா இல்லைன்னா முகாமை மூடச் சொல்லித்தான் எழுதணும். உங்களை எல்லாம் வேற வேற எடத்துக்குப் பிரிச்சு அனுப்புவாங்க."

பிரித்து அனுப்புவார்கள் என்ற பேச்சு எல்லோரையும் பயமுறுத்தியது. மண்ணுக்குள் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களை எடுப்பதற்குள் எங்கே போவது?

பயிற்சியில் சொன்னபடி ஒரு பட்டியல் எழுதினேன். வகுப்பறைக்கு ஒரு நாள். அந்த அறையில் இருக்கிறவர்கள் முறை வைத்து அன்றைக்குக் கழிப்பறையைக் கழுவ வேண்டும். குடும்பத் தலைவர்களின் பெயரையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி, படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எல்லோரும் வந்து தங்கள் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாளியோடு நின்றேன். முதல் அறையிலிருந்து யாரும் வரவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தோட்டத்துத் தலைவரிடம் போனேன். தொழிற்சங்கத் தலைவர் அவர், எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். முந்தின மூன்று நாளும் மண்ணைத் தோண்டித் தோண்டி அவருடைய கை கிழிந்திருந்தது.

"பட்டியல் எல்லாம் நல்லாத்தாம்மா எழுதியிருக்க. ஆனா அந்த வேலைக்குன்னு நம்ம தோட்டத்துல ஆள் இருக்குல்ல?" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. தோட்டத்தில் வாசக்கூட்டி என்று ஒரு வேலை உண்டு. லயத்துச் சாக்கடைக் கானையும் கக்கூசையும் கழுவுகிறவர்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் அதைச் செய்தார்கள். அவர்களுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் செய்தார்கள். மேல் லயத்தின் கோடியில், ஆற்றோரமாகத் தனியாக ஒரு காம்பரா அவர்களுக்கு. மண் முதலில் விழுந்தது அதன்மேல்தான். அந்தம்மா குழாயில் தண்ணீர் எடுக்கக் கீழே வந்திருந்ததால் தப்பினாள். புருஷன் உள்ளே இருந்தான்.

"அவங்க வீட்டுக்காரரை இன்னும் எடுக்கலையே" என்றேன்.

"எடுக்கத்தான் போய்க்கிட்டிருக்கோம். மண்ணு அவங்களுக்கு மட்டுமா விழுந்துச்சு? ஆளாளுக்கு ஒரு இழவு. இதுல பொம்பளைகளைப் போய்க் கக்கூசு கழுவுன்னா எந்தப் பொம்பள கழுவுவா? நீயே போய்ச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பொதுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த வாளியைப் பார்த்துவிட்டு, "நீ அதைத் தொட்டுறாத. அப்புறம் என்னையும் அடுப்புக்கிட்ட விடமாட்டாங்க" என்றாள், மெதுவாக.

அந்தம்மாவுக்கு எந்த அறையிலும் இடம் கிடைத்திருக்கவில்லை. இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. விறாந்தையின் கடைசியில், சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ரோடு பல இடத்தில் உடைந்திருந்ததால் மகளால் வந்து சேர முடியவில்லை. யாரோ கொடுத்த போனை மடியில் வைத்துக்கொண்டு, அது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "இன்னைக்குத்தான் அக்காவா?"

பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன். "இந்தா", "ஏய்" என்றுதான் எல்லோரையும் போல நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவளுக்கு என் அம்மாவை விட ஏழெட்டு வயதுதான் குறைவு.

வந்த விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது, பெரியவர்களுக்கும் பரவும், பின்னேரம் பரிசோதகர் ஐயா வருவார் என்று பயிற்சியில் பேசுகிறவர்களைப் போலவே பேசினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"சுவத்துல ஒட்டியிருக்கியே, அதுல எல்லார் பேரும் இருக்கா?"

"இருக்கு."

"என் பேரு?"

அவள் பெயர் அதில் இல்லை. அறை அறையாக எழுதினேன். விறாந்தையில் இருந்தவளை எழுதவில்லை. வேண்டுமென்று விட்டதில்லை. அவள் நினைப்பே எனக்கு வரவில்லை.

போனை முந்தானையில் முடிந்தால் நனைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, தகரத்துக்கு மேலே பத்திரமாக வைத்தாள். எழுந்து, "வெளக்குமாறு எங்க?" என்றாள்.

கையுறையை நீட்டினேன். போட்டுப் பார்த்துவிட்டு வழுக்குகிறது என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். நான் குளோரின் தூளை அளந்து கரைத்துக் கொடுத்தேன். அவள் உள்ளே போனாள். நான் கதவுக்கு வெளியே, நாற்றம் வராத தூரத்தில் நின்றேன். கையில் அந்தக் கையுறை இருந்தது. என் கைக்கு அது சரியாகப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். போடவில்லை.

முதல் கழிப்பறை முடிந்து இரண்டாவது முடிகிற நேரம், தோண்டப் போன ஆட்களில் ஒருவர் ஓடி வந்தார். அவளுடைய புருஷனை எடுத்துவிட்டார்கள்; அடையாளம் காட்ட ஆள் வேண்டும். அதைக் கழிப்பறைக் கதவில் நின்று நான்தான் சொன்னேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"முகம் இருக்காமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"கை கழுவணும். சோப்பு தா."

ஒரு புதுச் சவர்க்காரத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் பீப்பாய்ப் பக்கம் போனாள். அங்கே தண்ணீருக்கு நின்ற பெண்கள் விலகினார்கள். பீப்பாய்மேல் இருந்த கோப்பையை அவள் எடுக்கப் போனபோது ஒருத்தி அதைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ தொடாத. நான் ஊத்துறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. இவளுடைய புருஷனை எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது. கண் கலங்கித்தான் இருந்தாள். ஆனாலும் கோப்பையை உயரத்தில் பிடித்து, தன் விரலில் தெறிக்காதபடி ஊற்றினாள். இவள் குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. அத்தனை பெரியவர்களில் நான் ஒட்டிய படத்தில் இருந்தபடி கை கழுவியவள் அவள் ஒருத்திதான். நீல மேற்சட்டையோடு நான் பக்கத்தில் நின்றேன். கோப்பையை அவள் கையில் கொடு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை.

அவள் மலைக்கு நடந்து போனாள். அன்றே புருஷனைப் புதைத்துவிட்டார்கள். தலைவரும் ஆட்களும்தான் குழி வெட்டினார்கள், குறை சொல்ல முடியாது. சவர்க்காரம் அவள் கையோடேயே போயிருந்தது.

மூன்றாவது கழிப்பறை அப்படியே கிடந்தது. பரிசோதகர் வருவதற்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. முதல் அறைக்குப் போய், "யாராவது வாங்க, ஒண்ணுதான் மிச்சம்" என்றேன். எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். ஒரு அண்ணன், "அந்தம்மா சாயங்காலம் வந்துருமில்ல?" என்று கேட்டார்.

நான் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு தடவை வெளியே வந்து வாந்தி எடுத்தேன். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. பரிசோதகர் வந்து பார்த்து, நல்ல வேலை என்றார். கழுவிய கதவுக்கு முன்னால் என்னை நிறுத்திப் போனில் ஒரு படம் எடுத்தார். முகாமை மூடவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் தட்டை வாங்கிச் சோறு போட்ட பெண், என் முறை வந்ததும், "தட்டைக் கீழ வைம்மா" என்றாள். அம்மா அடுப்புப் பக்கம் இல்லை. அறை மூலையில் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். வேண்டாம் என்றாள்.

வயிற்றோட்டம் கண்ட அந்தக் கிழவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீர் வற்றிப் போய்விட்டது, நேரத்தோடு வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அவர் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. பட்டியல் சுவரிலேயே இருந்தது. விறாந்தைக்குத் திரும்பி வந்தவளை நான் மறுபடி கேட்கவில்லை; மிச்சம் இருந்த இரண்டு வாரமும் கழிப்பறைகளை நான்தான் கழுவினேன். ஆறு ஏழு நாள் கழித்து இரண்டு இளம் பெண்கள், யாரும் பார்க்காத அதிகாலையில் வந்து எனக்குத் தண்ணீர் சுமந்து தந்தார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள்.

ரோடு திறந்ததும் அவளுடைய மகள் வந்து அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற நாள் நான் பஸ் நிற்கிற இடம்வரை போனேன். "அக்கா, மன்னிச்சுருங்க" என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மகளிடம், "பையை எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்டாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

தைப்பொங்கல் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பினோம். ஒரு நாள் காலை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். தொட்டிலில் தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வாசக்கூட்டி வேலைக்கு ஆள் இல்லாமக் கெடக்கு. முகாம்ல நீ செஞ்சியாமே, ஆபீசுல பேச்சு வந்துச்சு. உனக்குப் பழக்கம் இருக்கேன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"என்னையப் போயி அந்த வேலைக்குக் கேக்குறீங்களா? நாங்க யாருன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழத் தொடங்கின. அவர் பதறிப்போய், "கோவிச்சுக்காதம்மா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். நான் கத்தியது இன்னும் என் காதிலேயே நின்றது. நாங்கள் யார் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். முகாமில் அத்தனை பேரும் வாய் திறந்து சொல்லாமல் வைத்திருந்ததை, நான் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை அழுகையை நிறுத்த வெகுநேரம் ஆயிற்று.