கதவுக்குப் பின்னால் ஒட்டிய காகிதம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், ஒரு பங்குனி மாதக் காலையில், திருத்தணியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது. நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்று மகள் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை வண்டிக்குப் போனால் மாலை வண்டிக்குத்தான் திரும்புவார். எங்களுக்குப் பிள்ளைகள் இருவர். அப்போது மூத்தவனுக்குப் பதினேழு வயது, மகளுக்குப் பதினான்கு.

சென்னைப் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிய வருஷம் என்னை மாற்றிவிட்டது. நாத்தனார் குடும்பம் எட்டுப் பேர் ஒரே நாளில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். நான்காம் நாள் அரிசிப் பானைக்குள் படியை விட்டால் அடி தட்டியது. கடையில் அரிசி இல்லை. விளக்குக்குக் கிருஷ்ணாயிலும் இல்லை. எட்டுப் பேரும் திரும்பிப் போன பிறகும் அந்தப் படி தட்டிய சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. கடை மூடினாலும் ரயில் நின்றாலும் இந்த வீடு ஆறு மாதம் யாரையும் கேட்காமல் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் வேலியோரம் முழுக்க ஆமணக்கு போட்டோம். அதில் எடுத்த எண்ணெயில்தான் எங்கள் விளக்கு எரிந்தது. முருங்கை, அகத்தி, பூசணி எல்லாம் கொல்லையிலேயே வந்தன. ஒரு பசு வாங்கினோம். பழைய வேட்டிகளைக் கிழித்து, கொதிக்கவைத்துக் காயவைத்து, காயத்துக்குக் கட்ட ஒரு டப்பாவில் அடைத்தேன். தீப்பிடித்தால் போட மணல் வாளிகள், நனைக்கச் சாக்குகள். கணவர் எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டு கொண்டுவந்து வேப்பமரத்தில் தொங்கவிட்டார். அது எங்கள் ஆபத்து மணி. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அடிப்பேன். அடித்தவுடன் யார் கயிற்றை எடுப்பது, யார் வாளியை எடுப்பது, யார் பசுவை அவிழ்ப்பது என்று ஒத்திகை.

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

"மலை மேல மணி அடிக்கலன்னாலும் டீச்சரம்மா வூட்ல அடிச்சுடும். ஜப்பான்காரன் எந்த வண்டிக்கு வர்றான்? உங்க வூட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லு."

"வந்தா உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வருவான், அக்கா. எங்க வீட்லதான் எல்லாம் தயாரா இருக்கே" என்பாள் என் மகள்.

செய்யவேண்டியதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்துப் புத்தி. பிள்ளைகள் அதைப் பாராமல் ஒப்பிக்க வேண்டும். அதில் கிணற்றைப் பற்றியும் எழுதியிருந்தேன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் தூர் எடுக்க இறங்கிய அண்ணன் மூச்சு முட்டி விழ, அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் போய்விட்டான் என்று கேள்விப்பட்ட அன்று எழுதியது. இறங்குகிறவர் அக்குளில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் மேலே இருப்பவர் இறங்கக் கூடாது, மணி அடிக்க வேண்டும். இவ்வளவுதான்.

எங்கள் ஏற்பாடுகளில் பெரியது தானியக் குழி. மாமனார் காலத்தில் கொல்லையில் வெட்டியது. பானை மாதிரி வாய் குறுகி வயிறு அகன்றிருக்கும். ஒன்றரை ஆள் ஆழம். ஏறி இறங்கப் பக்கச் சுவரில் கால் வைக்கும் பொந்துகள். நல்ல விளைச்சல் வந்த ஒரு வருஷம் அதில் கேழ்வரகைக் கொட்டி, கல் மூடி போட்டு, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிவிட்டோம். இரண்டு வருஷம் அதைத் தொடவில்லை.

ரேஷன் அரிசி சரியாக வராமல் போன அந்த மாசியில்தான் திறந்தோம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூடியை எடுத்து ஒரு பகல், ஓர் இரவு அப்படியே விடவேண்டும். மறுநாள் கற்பூரம் காட்டி, அகல் விளக்கைச் சின்ன உறியில் வைத்துக் குழிக்குள் இறக்க வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், இறங்கலாம் என்பார்கள். கணவர் முறைப்படி எல்லாம் செய்தார். விளக்கு நன்றாக எரிந்தது. வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு, மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவசரமாக மூடிப் பூசினோம். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, நான் சொன்ன அந்தப் பங்குனிக் காலை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் மாவு தீர்ந்திருந்தது. நானும் பிள்ளைகளுமாக மூடியை நகர்த்தினோம். புளித்த வாசனை ஒன்று வந்தது.

"அம்மா, வெளக்கு எடுத்தாரவா?" என்று மகள் கேட்டாள்.

"அதான் போன மாசமே பூஜை ஆயிடுச்சே. ஒரே குழிக்கு எத்தினி தடவ உத்தரவு கேக்கறது? எண்ணெய் வேற அடியில கிடக்குது" என்றேன்.

படித்தவள் என்ற நினைப்பு எனக்கு. விளக்கு சாமிக்கு என்றுதான் நினைத்தேன். கிணற்றுக்கு அத்தனை விதி எழுதியவளுக்கு, நமக்குச் சோறு போடும் குழிக்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றிவிட்டது.

மூத்தவன் வேட்டியை மடித்துக் கட்டினான். மகள் கயிறோடு வந்தாள்.

"நான் இன்னா மாடா, கயிறு கட்டறதுக்கு?"

"பேப்பர்ல இருக்குது. கையைத் தூக்கு" என்றாள் அவள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, மறுமுனையை வேப்பமரத்தில் சுற்றினாள்.

அவன் பேசிக்கொண்டேதான் இறங்கினான். "பேசிகினு இருக்கணுமாமே. இன்னா பேசறது? நைனா வந்தா சொல்றேன், ராணி மாதிரி தங்கச்சி மேல நின்னுகினு இருந்தா, நான் பெருச்சாளி மாதிரி..." கூடையைக் கேட்டான். இறக்கினேன். குனிந்து வாருகிற சத்தம் ஒரு தடவை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

விளையாடுகிறான் என்று நினைத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தேன். கேழ்வரகின் மேல் கன்னத்தை வைத்து, தூங்குகிறவன் மாதிரி படுத்திருந்தான்.

அடுத்து நான் செய்தது எனக்கு நினைவில்லை. மகள் சொல்லித்தான் தெரியும். ஒரு காலைப் பொந்தில் வைத்துப் பாதி உடம்பை உள்ளே விட்டுவிட்டேனாம். அவள் என் கொண்டையைப் பிடித்து இழுத்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. வலித்தது. மல்லாந்து விழுந்தேன். எழுந்து மறுபடியும் குழியை நோக்கிப் போனேன். அவள் குறுக்கே நின்று என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது ஆள் எறங்கக் கூடாது. நீதானே எழுதி வச்சே."

"என் புள்ளடி. விடுடி."

"என் அண்ணன். கயிறைப் பிடி. தொய்ய விடாதே."

அழவில்லை அவள். வகுப்பில் நான் பேசுகிற குரலில் பேசினாள். என் கையில் கயிற்றைத் திணித்துவிட்டு வேப்பமரத்துக்கு ஓடித் தண்டவாளத்தை அடித்தாள். நான் கயிற்றை இழுத்தேன். அவன் தோள் எழும்பியது, பிறகு அசையவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் மணி அடித்தால் விளையாட்டு இல்லை என்று தெருவுக்குத் தெரிந்திருந்தது. முதலில் வேலியைத் தாண்டியவள் பக்கத்து வீட்டு அக்காதான். கையில் நனைத்த சாக்கு. எங்கள் ஒத்திகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். பின்னாலேயே அவள் கணவரும் வந்தார். நாலு பேரும் சேர்ந்து இழுத்தோம். குறுகிய வாயில் தோள் இடித்தது. அக்காவின் கணவர் தலையை வெளியே வைத்து, கையை மட்டும் உள்ளே விட்டு அவனைத் திருப்பினார். வெளியே வந்துவிட்டான். உதடு நீலமாக இருந்தது.

காற்றுப் படும் இடத்தில் கிடத்தினோம். மகள் முறத்தால் விசிறினாள். அக்கா நெஞ்சைத் தேய்த்தாள். நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. ஓர் இருமல் வந்தது. பிறகு இன்னொன்று. கண்ணைத் திறந்தவன் அக்குளைத் தடவிக்கொண்டு, "கயிறு அறுக்குது" என்றான்.

"அறுக்கட்டும்டா" என்றாள் அக்கா. அவள்தான் முதலில் அழுதாள்.

அக்காவின் கணவர் எங்கள் வீட்டு அகலை ஏற்றி, உறியில் வைத்து என் முன்னாலேயே குழிக்குள் இறக்கினார். ஒரு முழம் போனது. சுடர் சுருங்கியது. ஊதாமலே அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றி இறக்கினார். மறுபடி அணைந்தது.

"தானியம் ஈரமானா மூச்சு விடும், டீச்சரம்மா. அந்தக் காத்து அடியிலேயே நிக்கும். எப்ப மூடினாலும் நிக்கும். அதுக்குத்தான் வெளக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஊர் சாமி பேரில் செய்துவந்த சோதனையை நான் பூஜை என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெயை மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறேன்.

மாலை வண்டிக்கு வந்த கணவர் நடந்ததை எல்லாம் கேட்டார். மகனின் அக்குளில் கயிறு அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மகளிடம் கொடுத்து, "விட்டுப்போனதை நீயே எழுது" என்றார். கதவுக்குப் பின்னால் என் கையெழுத்துக்குக் கீழே அவள் எழுதினாள்: குழியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் காற்றாட விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் விளக்கு.

"ஒவ்வொரு தடவையும்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். அது எனக்காகத்தான்.

அந்தக் குழிக் கேழ்வரகைக் காயவைத்துச் சாப்பிட்டோம். ரேஷன் வராத வாரங்களில் அக்கா வீட்டுக்கும் அதிலிருந்துதான் போனது. இப்போது எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் தண்டவாளத் துண்டு தொங்குகிறது. மூத்தவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அக்குளில் கயிற்றுத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் ஊருக்கு வந்து சட்டை போடும்போது அது கண்ணில் பட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் நான் எழுதிய ஒரு வரியை நானே மீறப்போன நேரத்தில் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து அதைக் காப்பாற்றிய மாணவி ஒருத்திதான், அவள் என் வயிற்றில் பிறந்தவள் என்பதை நினைக்கும்போதெல்லாம் அன்றைய பயத்தோடு கூடவே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.