அப்பாவுக்குப் போன படங்கள்

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் எழுபதுகளின் கடைசியில், போடியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து குரங்கணிக்கு மேலே மலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு வாராவாரம் போனது கடிதம் இல்லை, படம்.

எல்லாம் அம்மாவின் ரோஷத்தால் வந்தது. அப்பா ஏலத்தோட்டத்து ஸ்டோரில், பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறைக்கு விறகு போட்டுத் தீயைக் காக்கிறவர். காய் எடுக்கும் காலத்தில் மாதக்கணக்கில் இறங்கி வரமாட்டார். ஒருமுறை அம்மா சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். 'நீங்க இல்லாம வீட்டுல இருப்புக் கொள்ளல' என்று அதில் ஒரு வரி. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதை வேலையாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வைத்து எல்லார் காதிலும் விழும்படி வாசித்துவிட்டார். "என்ன மாப்ளே, இருப்புக் கொள்ளலையாம்ல" என்று அப்பாவை ஒரு மாதம் ஓட்டித் தள்ளினார்களாம். கேள்விப்பட்ட அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: "இனிமே எழுத்தே வேணாம். நீதான் நல்லாப் படம் போடுவியே, போடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை விரித்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவேன். அந்த வாரம் நடந்ததை அம்மா நடித்துக் காட்டுவாள். காயப்போட்ட சேலையை ஆடு தின்றதென்றால் அவளே ஆடு, சேலையைப் பிடுங்குகிறவளும் அவளே. குழாயடியில் சண்டை என்றால் இரண்டு பேருக்கும் அவள்தான். "இடுப்புல கை வச்சா பாரு, அத விட்டுறாத" என்பாள். அசையாமல் நில் என்றால் சிரித்துவிடுவாள். ரப்பர் தேய்கிறதே என்று நான் கத்துவேன். தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவள் உலை வைக்கப் போய்விடுவாள். தாளில் மிச்சமிருக்கிற மூலையில் அவளைப் போடுவேன். எங்கள் அடுப்பு பின்சுவரை ஒட்டி இருந்தது. வாசற்படியிலிருந்து பார்த்தால், குத்தவைத்திருக்கும் அவள் முதுகும் கொண்டையும்தான் தெரியும். அதைத்தான் போடுவேன். தாளைச் சுருட்டி நூல் கட்டி, தோட்டத்துக்கு அரிசி லோடு ஏற்றும் ஜீப்பில் கொடுத்துவிடுவேன்.

ஒரு ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் ஆகியும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவரும் கஞ்சி பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அதற்கு முன்பும் பின்பும் நான் அவ்வளவு பயந்ததில்லை. அப்பாவுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்று எழுந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. தீ கொஞ்சம் கூடக்கொறைய ஆனாலும் காய் நெறம் போயிரும். பாதியில விட்டுட்டு வந்தார்னா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுருவாக. எப்பவும் போல நான் சமைக்கிற மாதிரி போடு. என் மேல சத்தியம்."

ஞாயிறு வந்தது. நடிக்க ஆள் இல்லை. பாயில் கிடந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நடக்காத ஒரு குழாயடிச் சண்டையை நானாகப் போட்டேன். மூலையில் அடுப்பையும், அதன் முன்னால் அம்மாவையும் போட்டேன். ஜீப் டிரைவர், "வீட்டுல எல்லாரும் சொகந்தான ஆத்தா?" என்று கேட்டார். "சொகந்தாண்ணே" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

மறுநாள் விட்டு அடுத்த நாள் மத்தியானம் அப்பா வாசலில் நின்றார். தோட்டத்திலிருந்து குரங்கணிவரை நடந்தே இறங்கி ஜீப்பைப் பிடித்திருக்கிறார். உடம்பெல்லாம் புகையும் ஏலக்காயும் மணத்தன.

அம்மா தலையைத் தூக்கப் பார்த்தாள். "யாரு சொன்னது? இவதான?" என்று என்னை முறைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல!" என்று கத்தினேன்.

அப்பா சட்டைக்குள்ளிருந்து தாள்களை எடுத்தார். அந்த வருஷம் போன படம் ஒன்றுகூடக் குறையவில்லை. பாயின் ஓரத்தில் ஒவ்வொன்றாக விரித்தார்.

"இந்தா பாரு புள்ள. எல்லாத்துலயும் ஒன் முதுகுதான் இருக்கு. இதுல மட்டும் மொகம் இருக்கு. அடுப்பு முன்னாடி இருக்கவ மொகம் வாசப்படிக்கு எப்பிடித் தெரியும்? சரி, நீ எந்திரிக்கலன்னு தெரிஞ்சு போச்சு."

குனிந்து பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தே அப்படிப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை. ஒரு வாரமாக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கைக்கு அதுதான் வந்தது.

அம்மா பயந்தபடியே ஸ்டோரில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் அப்பா களை வெட்டுகிற ஆளாகத்தான் மலையேறினார். அம்மா பிழைத்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கஞ்சி வைக்க உட்கார்ந்தார். ஊருக்கே ஏலக்காய் உலர்த்தியவருக்கு எங்கள் வீட்டு அடுப்பு பிடிபடவில்லை. ஊதி ஊதி இருமினார். அம்மா என் முழங்கையைத் தொட்டாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"இதப் போடுடி" என்றாள்.

வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து அப்பாவின் முதுகைப் போட்டேன். முடிந்ததும் வழக்கம்போல் சுருட்டி நூல் கட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, மலையில் அதை வாங்கிப் பார்க்க ஆள் இல்லை என்று. நூலை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தேன்.