பதம் வராத தைலம்

அவளுக்கு வீட்டார் வைத்த பட்டப்பெயர் அவசரம். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பெயரை எழுதி முடித்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, அவளும் பொறுமையாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முட்டிவலித் தைலம்.

நல்லெண்ணெயில் நொச்சி இலைச் சாறும் அரைத்த இஞ்சியும் விட்டு, சின்னத் தீயில் மூன்று மணி நேரம் கிண்டுவாள். அடியில் தங்கும் விழுதைத் துளி எடுத்துத் திரியாக உருட்டித் தீயில் காட்டுவாள். சடசடவென்று வெடித்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். இருபது வருஷமாக அந்தத் திரி அவளை ஏமாற்றியதில்லை.

அதற்கு வேட்டு வைத்தது புது வீடு. அங்கே மின்சார அடுப்பு. தீயே கிடையாது, எண்களும் ஒரு பீப் சத்தமும்தான்.

போன வாரம் தங்கையின் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "அக்கா, இவளுக்கு முட்டி வலி. உங்க தைலம் ஒரு பாட்டில் கிடைக்குமா? அவதான் கேக்கச் சொன்னா."

நான்கு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத தங்கை! காரணம் ஊரறிந்ததுதான். இந்த மனுஷருக்கு வேலை போனதைத் தங்கை அக்காவிடம் மட்டும் அழுது சொல்லியிருந்தாள். அக்கா அதைத் தங்கையின் மாமியார் முன்னால் பேச்சுவாக்கில் போட்டு உடைத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, வாய் முந்திக்கொண்டது. சரி, மன்னிப்பாவது கேட்டாளா? நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று சண்டைக்கல்லவா போனாள்.

அன்றைக்கே தைலம் காய்ச்சினாள். கூரியர் கடை ஆறு மணிக்கு மூடிவிடும். பீப் அடித்ததும் இறக்கி, வடிகட்டி, பாட்டிலை மூடி, ஓட்டமும் நடையுமாகப் போய் அனுப்பிவிட்டாள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றியாவது திரியைக் காட்டிப் பார்த்திருக்கலாம். அந்த மூளை அப்போது எங்கே போச்சோ.

ஆறாம் நாள், தனக்கென்று எடுத்து வைத்திருந்த மிச்சத்தைத் திறந்தாள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அதன்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ஊசிப்போன நாற்றம்.

போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள், வைத்தாள். இத்தனை வருஷம் கழித்து ஒன்று கேட்டேன், அதையும் கெடுத்துத்தான் கொடுத்தாயா என்று கேட்டுவிட்டால்? இந்த ஜென்மத்தில் இனி ஒட்டாது. டாக்டரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். இடம் இருந்தும் உட்காரவில்லை. வழி முழுக்க வாய்க்குள் ஒத்திகை: புது வீடுடி, அடுப்பு சரியில்லடி, நான் என்ன பண்ணுவேன்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "உள்ள வா," என்றாள். கூடத்தில் கால் வைத்ததுமே அந்த நாற்றம் வந்தது.

"தேய்ச்சியா?"

"நாலு நாளா."

"நாறலையாடி?"

"நாறுது. அவர் பக்கத்துல உக்காரவே மாட்டேங்கறார்."

"தூக்கிக் கொட்ட வேண்டியதுதானே. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

தங்கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போனைக் கையில எடுத்தேன். இத்தனை நாள் கழிச்சு உங்கிட்டப் பேசற முதல் பேச்சு குறை சொல்றதா இருக்க வேணாம்னு வெச்சுட்டேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கெட்டுப்போன எண்ணெய்க்குக்கூட இவள் வாயை அடக்கியிருக்கிறாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அடுப்புக் கதையை அப்படியே விழுங்கினாள்.

"பதம் பாக்காம இறக்கிட்டேன். என் தப்புதான்," என்றாள். "அன்னைக்கும் அப்படித்தான்."

"என்னைக்கு?"

தங்கை விடுவதாக இல்லை. அக்காவுக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு வேலை போனதை உன் மாமியார்கிட்டச் சொன்னேனே, அன்னைக்கு. நீ என்னை நம்பித்தான் சொன்னே. மன்னிச்சுக்கடி."

தங்கை காலைத் தாங்கித் தாங்கிச் சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். உட்காரவா, கிளம்பவா என்று தெரியவில்லை.

தங்கை ஒரு கிண்ணம் வெந்நீரும் துண்டும் சோப்பும் கொண்டுவந்து வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"முதல்ல இதைத் துடைச்சு விடு. அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்."

அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.