கிண்டி எந்தப் பக்கம்?

பத்து வயது வரை, கிண்டி எப்போதும் என் முகத்துக்கு நேர் எதிரில்தான் இருக்கிறது என்று நம்பிய அறிவாளி நான். தாம்பரத்தில் ரயில் ஏறினால் போகிற திசையைப் பார்த்து ஜன்னலோரம் உட்காருவேன். கிண்டியும் தவறாமல் எதிரே வரும். திரும்பி வரும்போது தூங்கிவிடுவேன். அதனால் என் கொள்கைக்குச் சேதமில்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் மாமா நோட்டைக் கொடுத்தார். அம்மாவின் தம்பி. வீட்டில் அப்பா காது கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான். ப்ளஸ் டூ முடித்த அக்கா, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாள். அப்பா முடியாது என்றுவிட்டார்.

"என்னை ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு. உங்கப்பாகிட்ட நான் பேசுறேன்" என்று மாமா அவளுக்கு வாக்குக் கொடுத்தார். அதுவரை அவரை யாரும் ஜெயித்ததில்லை, அந்தத் தைரியம்.

அட்டைச் சதுரங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் ஆட்டம் அது. சாலை சாலையோடு சேர வேண்டும், கோட்டை கோட்டையோடு. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண். முதல் அட்டையிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை கட்டம் தள்ளி, எந்தப் பக்கம் பார்த்து அதை வைத்தார்கள் என்று நான் எழுத வேண்டும். நாலு பக்கங்களுக்கும் மாமா வைத்த பெயர், வடக்கே கிண்டி, அதற்கு எதிரே செங்கல்பட்டு, மேற்கே முடிச்சூர், அதற்கு எதிரே வேளச்சேரி. "17, கி3, வே1, செ" என்று எழுதும்போது எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் மிடுக்கு வந்துவிடும்.

"போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது" என்றாள் அக்கா.

"போட்டோ எடுத்தா மூளை துருப்பிடிக்கும். நீ எழுதுடா."

இருபத்துமூன்று அட்டை வரை ஒழுங்காக எழுதினேன். அப்புறம் ஃபேன் காற்றுக்காக எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். கிண்டியும் என்கூடவே எழுந்து வந்தது.

அக்கா பதினோரு புள்ளி முன்னால் இருந்தாள். நாலே அட்டைதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பம்மல் சித்தப்பா குடும்பத்தோடு சாப்பிட வந்து நின்றார். ஹாலைக் காலி செய்யச் சொல்லி அம்மா கத்தினாள். அட்டைகளைப் பெட்டியில் கொட்டினோம். நோட்டு இருக்கிறதே, என்ன பயம்?

மறுநாள் காலை நோட்டைப் பார்த்து மறுபடி அடுக்கினோம். இருபத்துநாலாவதாக வைத்த அட்டையை, ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஓர் அட்டையின் தலைமேல் வைக்கச் சொன்னது நோட்டு. அதற்கடுத்தது கோட்டைச் சுவரைக் கொண்டுபோய் வயலில் முட்டியது.

மாமா நோட்டை வாங்கினார். தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அட்டைகளையே பார்த்தார். மூடி வைத்தார்.

"ஆட்டம் செல்லாது."

"மாமா, நான் முன்னால இருந்தேன்ல? நீங்களே பாத்தீங்கள்ல?"

"எழுத்துல இல்லையேம்மா."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நான் தப்பாக எழுதியிருப்பேன் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. "நீங்கதான் அழிச்சு மாத்தி எழுதியிருக்கீங்க! தோத்துடுவோம்னு பயம்!" என்று அலறி நோட்டை விசிறியடித்தேன். மாமா குனிந்துகொண்டார். அது அப்பாவின் காபி டம்ளரைச் சாய்த்தது. முதுகில் ஒன்று விழுந்தது. அக்கா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அறைந்தாள். மாமா டிபன்கூடச் சாப்பிடாமல் பொழிச்சலூருக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் முழுக்கக் கொதித்துக்கொண்டே, காபிக் கறை படிந்த நோட்டில் மாமாவின் திருட்டுத்தனத்தைத் தேடினேன். அழித்த தடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் என் கோணல் கையெழுத்தேதான். ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. இருபத்துநாலிலிருந்து கிண்டியைச் செங்கல்பட்டாக்கி, முடிச்சூரை வேளச்சேரியாக்கி அடுக்கினேன். ஓர் அட்டைகூட முரண்டு பிடிக்கவில்லை.

மொட்டை மாடிக்கு ஓடினேன். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பு என்னோடதுதான்! இருபத்துநாலுலேர்ந்து நோட்டைத் தலைகீழா படிச்சா எல்லாம் சரியா வருது! நீதான் முன்னால! மாமாவுக்குப் போன் போடுக்கா, பாவம், அவருக்குத் தெரியாது!"

துள்ளிக் குதிப்பாள், எனக்கு ஐஸ்கிரீமாவது கிடைக்கும் என்று நின்றேன். அவள் கிளிப்பைக் கழற்றியபடியே, திரும்பாமல் சொன்னாள்:

"அவருக்குக் காலையிலயே தெரியும், போடா."