குகைக்குள் கேட்ட வெடிச்சத்தம்

தீபாவளி சீசன் முடிந்ததும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் குடும்பத்தோடு ஒரு நாள் டூர் கூட்டிப்போவார்கள். அந்த வருஷம் மதுரைப் பக்கம், சின்னப் பிள்ளைகளுக்கென்றே கட்டிய ஒரு பூங்கா. பொம்மை ரயில் இருக்கிறது என்று என் ஆறு வயது மகளிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சுதான்.

ரயிலில் பெரியவர்களை ஏற்றவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு மதுரைக்காரப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினேன். சிமெண்டில் கட்டிய குகைக்குள் ரயில் நுழைந்ததும் டமாரென்று ஒரு சத்தம், பின்னாலேயே புகை. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறார்களாம். எந்தப் புண்ணியவான் யோசித்த வேடிக்கையோ.

சிவகாசியை ஒட்டிய எங்கள் தாயில்பட்டிப் பக்கம் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிவைப்போம். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, எதையும் எடுக்காதே, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடு. என் மகள் அதைத்தான் செய்தாள். ஊர்ந்துகொண்டிருந்த ரயிலிலிருந்து குதித்து, அந்தப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு புகைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். இரண்டு பேருக்கும் முழங்காலில் சிராய்ப்பு.

அந்தப் பிள்ளையின் அம்மா என்ன ஏதென்று கேட்காமல் என் மகள் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பட்டிக்காட்டுக் கூட்டத்தை உள்ளே விட்டதே தப்பு என்றான் காவலாளி. சிவகாசிப் பிள்ளைக்கு வெடிக்குப் பயமா என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டாசை வாங்கி வெடித்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அவர்களைவிட எங்கள் போர்மேன் மேல்தான் எனக்கு ஆத்திரம். அந்த வருஷ மாசியில் கம்பெனியின் வெடிமருந்து அறை தீப்பற்றியபோது என்னோடு உள்ளே இருந்தவர் அவர்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுரும்மா. கம்பெனிக்குக் கெட்ட பேரு வந்துரும்" என்றார்.

"அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தேனே, அதுக்கும் சேத்துக் கேக்கணுமா அண்ணாச்சி?" என்றேன்.

நான் மன்னிப்பும் கேட்கவில்லை, அவளை மறுபடி ரயிலில் ஏறவும் விடவில்லை. பஸ்ஸில் போய் உட்கார்ந்தோம். அவள் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னம் சிவந்திருந்தது. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மத்த பிள்ளைக எல்லாம் வெளிய வந்துருச்சுகளாம்மா?"

எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றேன். எங்கள் ஊரில் ஆலை வெடித்த நாட்களில் யார் இதைக் கேட்டாலும் அப்படிச் சட்டென்று சொல்ல என்னால் முடிந்ததில்லை.