பேர் வைத்த நேரமே பிறந்த நேரம்

என் கணவர் மனிதர்களுக்கு ஜாதகம் பார்த்துச் சொன்னதே இல்லை. "பலிச்சாலும் பகை, பலிக்கலன்னாலும் பகை" என்பார். மழைக்கும் காற்றுக்கும் மட்டும்தான் பார்ப்பார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். மழை வந்தால் தோல் காயாது, அதனால் வந்த பழக்கம் என்று அவரே சொல்வார். பஞ்சாங்கத்தைப் புரட்டி, சுக்கிரனும் செவ்வாயும் எந்த வீட்டில் இருக்கின்றன என்று பார்த்து, "நாளைக்கு மேகம் கட்டும், மழை கம்மி" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்புவார். பாதி நாள் சரியாக இருக்கும். நான் சத்துவாச்சாரியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பூவா தலையா போட்டுப் பார்த்தாலும் பாதி நாள் சரியாகத்தானே வரும் என்று கேட்பேன். சிரித்துக்கொள்வார்.

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது, கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவில் ஷூ கம்பெனி வேலை கிடைத்துப் போனார். தோல் தெரிந்தவர்கள் இப்படி எங்கெங்கோ போவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அவரோடு ஆம்பூர்க்காரர் ஒருவரும் போனார். இருவருக்கும் ஒரே அறை. எங்கள் மகள் கோயம்புத்தூர் விடுதியில் சேர்ந்ததும் அதே மாதம்தான். வீட்டில் நான் மட்டும்.

நான் பள்ளி முடிந்து வரும் நாலரை மணிக்கு அங்கே காலை ஏழு. வேலைக்குப் போகும் முன் கூப்பிடுவார். சாப்பிட்டியா, தண்ணி வந்துச்சா, காஸ் புக் பண்ணியா. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு தடவை சொன்னவரில்லை. கடல் தாண்டிப் போனால் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நானும் சொல்லவில்லை என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. பேசி முடித்த பிறகு, தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் கூடத்தில் அப்படியே நின்றுகொண்டிருப்பேன்.

அங்கே போன பிறகு அவருடைய ஜோசியம் வேறு மாதிரி ஆனது. வெள்ளைக்காரர்கள் எழுதியதை எல்லாம் போனில் படிக்க ஆரம்பித்தார்.

"நம்ம ஒன்பது கிரகம் அவங்களுக்குப் பத்தல. செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவுல ஏகப்பட்ட கல்லு சுத்துது இல்ல? அது ஒவ்வொண்ணுக்கும் பலன் சொல்றாங்க" என்றார் ஒரு நாள்.

"கல்லுக்குமா?"

"எல்லாம் கல்லுதானே. சின்னது பெருசு, அவ்ளோதான் வித்தியாசம்."

போன புரட்டாசியில் அந்தத் தீவை நோக்கி ஒரு பெரிய புயல் வந்தது. செய்தியில் அதன் படத்தைக் காட்டினார்கள். நல்ல தோலில் நடுவே ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை, காகிதத்தில் கையால் கட்டம் போட்டுப் படம் பிடித்து அனுப்பினார். புயலின் ஜாதகம். புயலுக்கு ஏது பிறந்த நேரம் என்று கேட்டேன்.

"அதுக்குப் பேர் வைக்கிறாங்க இல்ல? பேர் வச்ச நேரம்தான் பொறந்த நேரம்" என்று பதில் வந்தது. பிறகு குரல் பதிவு ஒன்று அனுப்பினார். எப்போதும் நாலு வார்த்தையில் முடிப்பவர், அன்று நிறுத்தாமல் பேசியிருந்தார்.

"சனி மீனத்துல இருக்குது. தண்ணி வீடு. மழை ஜாஸ்தி. ஆனா புயலோட கண்ணு எங்களுக்கு வடக்கால போய்டும், ஓரம்தான் படும். செரிஸ்னு ஒரு கல்லு, சோறு போடுறதுன்னு வச்சிக்கோ. அது கெட்டுக்கிடக்குது. அதனால அரிசி, பிஸ்கட்டு எல்லாம் வாங்கி வச்சாச்சு. வெஸ்டான்னு இன்னொரு கல்லு, அடுப்பு நெருப்பு. கரண்டு போகும்." பின்னால் காற்று வீசும் சத்தம் கேட்டது. "ஜூனோன்னு ஒண்ணு இருக்குது. அது பொண்டாட்டிய குறிக்கும்பாங்க. விருச்சிகத்துல இருக்குது, சனிக்குத் திரிகோணம். புயல் ஜாதகத்துல அது எதுக்குன்னு கேப்ப. எதுக்கும் இல்ல. கட்டம் போட்டதும் மொதல்ல அதைத்தான் தேடினேன். சரி, காஸ் புக் பண்ணு."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கிரகமும் கல்லும் எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனால் வானத்தில் எங்கோ சுற்றும் ஒரு கல்லை என் பொருட்டு ஒருவர் தேடியிருக்கிறார்.

மறுநாள் நாலரைக்குக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது மணியே அடிக்கவில்லை. கம்பெனி எண்ணும் அப்படியே. கண் வடக்கே போகவில்லை, தீவின் மேலேயே ஏறியது என்று செய்தியில் சொன்னார்கள். மகள் ஒரு மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டு "அப்பா பேசினாரா?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். அவரோடு தங்கியிருப்பவரின் மனைவியை, வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். அவளுக்கும் அங்கே ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. அன்று அவளும் வேலைக்குப் போகாமல், மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேஜாரா இருக்குக்கா. யாரைக் கேக்குறதுன்னே தெரியல" என்றாள்.

புயல் ஜாதகத்தைப் பற்றிச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கள்ல ஜோசியம் பாக்கக் கூடாது. நம்பவும் கூடாது."

நான் வேறு பேச்சை எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அண்ணன் அனுப்புனதைக் காமிங்க. சும்மா பாக்குறேன்" என்றாள். போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். "இதுல எங்க ஊட்டுக்காரர் எங்க இருக்காரு?"

கணக்கில் ஒரு வரி தப்பினாலும் மதிப்பெண்ணைக் குறைக்கிறவள் நான். அந்தத் தாளில் பல்லாஸ் என்று ஒரு பெயர் இருந்தது. அதற்கு அவர் பலன் ஒன்றும் சொல்லவில்லை. அதன் மேல் விரலை வைத்தேன்.

"இதோ. இது தோஸ்து. கூடவே இருக்கிறவரு. உங்க அண்ணனும் இவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம், பாரு. பிரிய மாட்டாங்க."

"நெஜமாவா?"

"நெஜமாதான்."

அவள் அழுதாள். அழுது முடித்ததும், "நேத்துலருந்து சாப்பிடல. இப்பதான் பசிக்குது" என்று எழுந்து போய்ச் சோறு வடித்தாள். ரசம் ஊற்றி இருவரும் சாப்பிட்டோம். பிறகு அவள் உள்ளறையில் தொழப் போனாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் பெயர்களை ஓட்டமாக எழுதியிருந்தவர், ஜூனோவை மட்டும் பேனாவால் இரண்டு தரம் அழுத்தி எழுதியிருந்தார். உள்ளே அவள் முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை. அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள். "அக்கா, போன் வந்துச்சு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கூரைத் தகரம் பிச்சிக்கினு போச்சாம், குடோன்ல தோல் கட்டுங்களுக்கு நடுவுல உக்காந்திருந்தாங்களாம். அண்ணனுக்குக் கால்ல தகரம் கிழிச்சிருக்கு, தையல் போட்ருக்காங்க. பயப்படாதீங்க." பிள்ளைகள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

மறுநாள் நாலரைக்கு அவர் குரல். "கணிப்பு தப்பாப்போச்சு. ஒரு கல்லை கவனிக்காம விட்டுட்டேன். அது செவ்வாய்க்கு நேர் ஏழுல..."

"கல்லை விடுங்க" என்றேன். "எனக்கு உங்களைப் பாக்கணும்."

அந்தப் பக்கம் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எனக்கும்தான்" என்றார்.

உடனே வர முடியவில்லை. கம்பெனியை மறுபடி ஓட்ட ஆள் வேண்டும் என்று விடவில்லை. தை மாதம் மூன்று வாரம் வந்தார். முடி அதிகமாக நரைத்திருந்தது. கெண்டைக்காலில் நீளமாக ஒரு தழும்பு. முதல் நாள் அதைத் தொட்டுப் பார்த்தபோது, "வலிக்கல" என்றார். வலிக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அந்த மூன்று வாரமும் அவர் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. காலையில் பள்ளிவரை என்னோடு நடந்து வருவார். வாசலில் என் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். மாலையிலும் வந்து நிற்பார். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றால், "பாக்கட்டுமே" என்பார்.

திரும்பிப் போய்விட்டார். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. இப்போதும் அதே நாலரை மணிதான். நேற்று காஸ் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னும் எத்தினி நாளு?" என்று அவரே கேட்டார்.

சொன்னேன்.

"அவ்ளோவா" என்றார்.